புள்ளியும் கோலமும்

குழந்தைக்கு ஜுரம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? காலையில் 100, மத்தியானம் 101, ராத்திரி 102 என்று காலண்டர் ஓரத்தில் குறித்து வைக்கிறீர்கள். டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, "ஏறிக்கொண்டே போகிறதே!" என்கிறார். கடைசி எண்ணைவிட, அது வந்த வழிதான் அவருக்கு முக்கியம்.

இந்தச் சின்ன விஷயத்தின் பெருமை, என் அத்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தபோதுதான் எனக்கு நன்றாக விளங்கிற்று.

கட்டிலுக்கு மேலே ஒரு திரை. நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, ரத்தத்திலுள்ள பிராணவாயு என்று வரிசையாக எண்கள். போதாததற்கு ரத்தப் பரிசோதனை, சிறுநீரின் அளவு, சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தின் கணக்கு. ஒரே நோயாளிக்கு ஒரு நாளில் நூற்றுக்கணக்கான எண்கள்! நடுநடுவே யந்திரம் 'கீக் கீக்' என்று கத்தும். பார்க்கப் போன நாங்கள் பதறினால், "ஒன்றுமில்லைம்மா, விரலில் மாட்டிய கிளிப் நழுவிவிட்டது" என்பார் நர்ஸ். 'புலி வருது' கதைதான்! வீண் கூச்சல் அதிகமானால், நிஜப் புலி வரும்போது யார் காதில் விழும்?

இரண்டாம் நாள் மாலை அத்தையின் நாடி 104. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் 104. தனித்தனியே பார்த்தால் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. இளம் டாக்டர் ஒருவர் திரையைத் தொட்டு, மத்தியானத்திலிருந்து நடந்ததைக் கோடாக வரவழைத்தார். நாடிக் கோடு மெல்ல மெல்ல ஏறியிருந்தது. அழுத்தக் கோடு மெல்ல மெல்ல இறங்கியிருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன!

"உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது போலிருக்கிறது" என்றார். அப்படியேதான் இருந்தது. வயிற்றுப் புண்ணிலிருந்து கசிவு. அன்றிரவே ரத்தம் ஏற்றி, கசிவையும் நிறுத்தினார்கள். அத்தை பிழைத்தாள்.

இந்த யோசனை நேற்றுப் பிறந்ததல்ல. 1894-ல் பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்களாயிருந்த ஹார்வி குஷிங், எர்னஸ்ட் காட்மன் இருவரும், ஈதர் மயக்கத்திலிருக்கும் நோயாளியின் நாடியை நேரவாரியாகத் தாளில் குறிக்கத் தொடங்கினார்கள். 1901-ல் இத்தாலியில் ரத்த அழுத்தம் அளக்கும் கருவியைக் கண்ட குஷிங், பிறகு அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டார். அத்தையைக் காப்பாற்றியதும் அதே இரண்டு கணக்குகள்தாம்!

படம் போட்டுவிட்டால் மட்டும் போதுமா? கோலம் போடும் உங்களுக்குத் தெரியாததல்ல. புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போனால் கோலம் வந்துவிடாது. எல்லாக் கோடுகளையும் ஒரே திரையில் திணித்தால் குழப்பம்தான் மிஞ்சும். அளவை நெருக்கிப் போட்டால் செங்குத்தான ஏற்றம்கூடச் சமதரையாகத் தோன்றும். சேர்த்துப் பார்க்க வேண்டியவை பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்; மருந்து கொடுத்த வேளையும் அங்கேயே தெரிய வேண்டும். தூக்கம் கெட்ட டாக்டரின் கண்ணில், ராத்திரி மூன்று மணிக்கும் ஆபத்து பளிச்சென்று பட வேண்டும். அதுதான் நல்ல படம்.

உங்களுக்கு வேண்டியவர் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், "இப்போது எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "நேற்றைக்கு இன்று எப்படி?" என்றும் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.