புள்ளி இல்லாத ஏடு

இந்த விஜயதசமிக்கு என் பேத்தியை மடியில் உட்கார்த்தி எழுத்துக்கு வைத்தோம். குறுவை அறுத்த புதுநெல்லைத் தாம்பாளத்தில் பரப்பி, அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘அ’ போட்டேன். உமி குத்தியதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மூன்று வயதுதானே. பாட்டி ஒரு சொட்டுத் தேனை நாக்கில் தடவியதும் விரலைத் தானே நீட்டினாள்.

பழைய ஐரோப்பாவின் யூதர்களுக்கும் இந்தத் தேன் தெரிந்திருந்தது. பிள்ளையை முதன்முதலாக எபிரேயப் பாடத்துக்கு அழைத்துப் போகும் நாளில், பலகையில் எழுத்துகளை எழுதி, மேலே தேனைத் தடவி, நக்கிச் சுவைக்கச் சொல்வார்களாம். கற்பது இனிக்கும் என்பதைச் சொல்லிப் புரியவைக்காமல் நாக்கிலேயே வைத்துவிட்டார்கள்.

எனக்கு அந்தச் சமூகத்தின்மேல் அக்கறை வந்தது சேந்தமங்கலம் போய் வந்த பிறகு. கொச்சிக்கு வடக்கே, பரவூர் பக்கம் இருக்கிற சிற்றூர். அங்குள்ள பழைய ஜெபாலயத்தை மலையாளிகள் ‘யூதப்பள்ளி’ என்கிறார்கள். பள்ளி என்றால் நமக்குப் பிள்ளைகள் படிக்கிற இடம். அந்தப் பெயர் அங்கே பொருந்தித்தான் இருந்தது. கேரளத்து ஜெபாலயங்கள் சிலவற்றில் மாடியில், பெண்கள் அமரும் இடத்தை ஒட்டியே பிள்ளைகளின் பாடசாலையும் இருந்திருக்கிறது. சேந்தமங்கலத்து வாசலில் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. எபிரேய எழுத்தில், இஸ்ரவேலின் மகள் சாராள் என்று பெயர். அதற்கும் முன்னே, நம் தஞ்சைப் பெரிய கோயில் எழும்பிய காலத்தை ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவன் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு கொடுத்திருக்கிறான். அது வட்டெழுத்தில் இருக்கிறது. அவர்கள் நமக்கு அந்நியர்கள் அல்ல.

வீட்டில் பேசியது மலையாளம், மாடியில் படித்தது எபிரேயம். இருபத்திரண்டு எழுத்து, வலமிருந்து இடமாக. ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளும் படித்தார்கள்; அந்தக் காலத்தில் எத்தனை ஊரில் அது நடந்தது? எபிரேயத்தில் மெய்யெழுத்துகளைத்தான் வரிசையாக எழுதுவார்கள். உயிரொலிகளைக் காட்ட, கீழும் மேலும் சின்னப் புள்ளிகளும் கோடுகளும் இடுவார்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அவை உண்டு. ஜெபாலயத்தில் விரித்து வாசிக்கும் தோரா என்னும் வேதச் சுருளில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. எந்த எழுத்துக்கு எந்த ஒலி, எங்கே நிறுத்தம், எந்த ராகம் என்பதெல்லாம் வாசிக்கிறவன் ஏற்கெனவே ஒரு பெரியவர் வாயிலிருந்து கேட்டு மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இதை அறிந்தபோது எனக்கு நம் ஓலைச்சுவடிகள் கண்ணில் வந்து நின்றன. தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடி பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எழுத்தாணி ஓலையைப் பொத்துவிடும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்தில் ‘பாடம் கேட்டேன்’ என்றார்கள். தேவாரமும் அப்படித்தான் பிழைத்தது. தில்லையில் கறையான் தின்றது போக மிஞ்சிய ஏடுகளில் பதிகம் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமிருந்துதான் பண் அடைவு கிடைத்தது என்பது நம்பியாண்டார் நம்பியைப் பற்றிய வரலாறு.

இவ்வளவு தெரிந்தும் நான் ஒரு தவறு செய்தேன். என் மகனுக்கு ஆறு வயதில் விடியற்காலையில் எழுப்பிப் பதிகம் சொல்லிக்கொடுத்தேன். கையில் விசிறிக் காம்பு இருக்கும். “அப்பா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்பான். “மொதல்ல நெட்டுருப் போடு, அர்த்தம் அப்புறம்” என்பேன். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. என் தாயார் காலமான அன்று, கூடத்தில் கிடத்தியிருந்தபோது, ஒரு பதிகம் பாடப்பா என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். மறந்துபோகவில்லை, வாய் திறக்க மனம் வரவில்லை. அது அவன் குற்றம் இல்லை.

யூதர்களின் பெசாக் பண்டிகை இரவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து முன்னோர் மீண்ட கதையைச் சொல்லும் இரவு அது. ஆனால் பெரியவர்கள் தாங்களாகக் கதையைத் தொடங்குவதில்லை. வீட்டிலேயே சின்னப் பிள்ளை, இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று கேட்க வேண்டும். கேட்கிற விதத்தைப் பாடசாலையிலேயே பழக்கியும் அனுப்புகிறார்கள். நடுவே புளிப்பில்லா அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்து வைத்து, கண்டுபிடிக்கிற பிள்ளைக்குப் பரிசும் உண்டு. நடுராத்திரி வரை குழந்தை தூங்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அங்கே தெருவில் பேசுவதே எபிரேயம். இங்கே பெண்கள் கையெழுத்து நோட்டுகளில் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்துப் பாடிய மலையாளப் பாட்டுகள்தான் அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் புரியாமல் போயின. கொச்சியில் பிறந்து எபிரேயம் படித்து வளர்ந்த ரூபி டேனியல், முதுமையில் அந்தப் பாட்டுகளில் பலவற்றை உட்கார்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒரு மொழியைக் காப்பாற்றியவர்களுக்கு இன்னொன்றைக் கைவிடாதிருக்க வேண்டிய நிலை. என் பேத்தி வளர்வது பெங்களூரில். விளையாட்டுத் தோழிகளோடு கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். அவளுக்குத் தமிழும் புள்ளி இல்லாத ஏடாகத்தான் இருக்கப் போகிறது.

அன்று மாலை அந்த நெல்லைப் பத்தாயத்தில் கொட்டப் போனேன். பின்னாலேயே வந்தவள், தாம்பாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “தாத்தா, நான் எழுதின ‘அ’ எங்க போச்சு?” என்றாள். அப்புறம் சொல்றேன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தாம்பாளத்தைத் தரையில் வைத்து, நெல்லை மறுபடி பரப்பி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தேன் கிண்ணத்தைத் தேடி அடுக்களைக்கு ஓடினாள்.