மூன்று மாத்திரையும் ஓர் எஸ்ஸும்

ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி என்ற மருத்துவத்துறை ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கும் நர்ஸ் 'த்ரீ டேப்லெட்' என்று எழுதிவிடுவது தமிழக-கேரள எல்லை ஊர்களில் சாதாரணம். டீச்சர் சிவப்பு மையால் ஓர் எஸ் சேர்ப்பார். அடுத்த பயிற்சிக் கடிதத்திலும் அதே இடத்தில் அதே சிவப்பு எஸ். கவனக்குறைவு என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அவர் வீட்டில் பேசுவதைக் கேட்டால் விஷயம் விளங்கும். தமிழில் 'மூணு மாத்திரை', மலையாளத்தில் 'மூந்நு குளிக'. எண் முன்னால் வந்துவிட்டால் இரண்டு மொழியுமே அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதியைக் கட்டாயம் கேட்பதில்லை.

இதே எஸ் ஹனோயிலும் காணாமல் போகிறது. வியட்நாமியப் பெயர்ச்சொல் பன்மைக்கென்று உருமாறாது. வினையும் காலத்துக்கென்று உருமாறாது. போனான், போவான் இரண்டுக்கும் வினை ஒன்றுதான், காலத்தைப் பக்கத்தில் நிற்கும் தனிச்சொல் சொல்லிவிடும். போதாததற்கு, அந்த மொழியில் எந்தச் சொல்லும் எஸ் ஒலியில் முடியாது. ஆகவே வியட்நாமிய மாணவர் எழுதும்போது மறக்கும் எஸ்ஸைப் பேசும்போதும் விழுங்கிவிடுகிறார். நம் நாக்கின் பழக்கம் நேர் எதிர். வல்லின மெய்யில் சொல்லை முடிக்கப் பிடிக்காமல் ஓர் உகரத்தை ஒட்டிக்கொள்கிறது: டேப்லெட்டு, பேஷன்ட்டு, பெட்டு. அங்கே ஒலி குறைகிறது, இங்கே கூடுகிறது.

ஆனால் இலக்கணப் புத்தகம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ரேமண்ட் மர்ஃபியின் 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்' 1985இல் வெளிவந்தது. எந்தத் தாய்மொழிக்காரரும் தானே படித்துக்கொள்ளும்படி இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. அதற்கு அரை நூற்றாண்டு முந்திய ரென் அண்ட் மார்ட்டின் இன்றும் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. நல்ல புத்தகங்கள்தான். யாருக்கு எந்தப் பக்கத்தில் கால் இடறும் என்பதை மட்டும் அவை சொல்லமுடியாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் அதைச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்ததே தவிர, பேச்சு கோட்டில் நிற்கவில்லை. களியக்காவிளைச் சந்தையில் இரண்டு மொழியிலும் விலை பேசலாம். பாட்டியிடம் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்த பெண்ணிடம் இரண்டு இலக்கணமும் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் நான் போகிறேன், அவள் போகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினை முடிவு மாறும். மலையாளத்தில் ஞானும் 'போகுந்நு', அவளும் 'போகுந்நு'. 'ஷி கோஸ்' என்பதில் அந்த எஸ் எதற்கு என்று கேட்பவருக்கு, "பாட்டிக்கிட்ட 'அவ போறா'ன்னுதானே சொல்லுவ மக்களே, 'அவ போறேன்'னு சொல்லுவியா?" என்று டீச்சர் கேட்டால் பாதி வேலை முடிந்தது. வகுப்பில் தாய்மொழி பேசக்கூடாது என்று தடைபோடும் இடங்களில் இந்தக் கேள்விக்கே வழியில்லை.

பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஓஇடியை 2017 நவம்பர் முதல் ஏற்கிறது. கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 500க்கு 350, எழுதுதலில் 300 வேண்டும். எழுதுதல் என்பது கட்டுரையல்ல. நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, இன்னொரு மருத்துவருக்கோ நர்சுக்கோ 180 முதல் 200 சொல்லில் கடிதம் எழுதச் சொல்வார்கள். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். இங்கே 'ஹி ஈஸ் ஹேவிங் டயபெட்டிஸ்' அடிக்கடி தலைகாட்டும். 'அவருக்குச் சர்க்கரை இருக்கிறது' என்பதில் உள்ள 'இருக்கிறது' இழுத்துவரும் 'ஈஸ்' போலும் அது. அதைவிடப் பெரிய சிக்கல், குறிப்பில் கண்டதையெல்லாம் கடிதத்தில் அள்ளிப்போடுவது. கால் காயத்துக்குக் கட்டுப்போட வருகிற நர்சுக்கு, நோயாளி பத்து வருடத்துக்கு முன் செய்துகொண்ட கண் அறுவைச் சிகிச்சை எதற்கு?

வாசிப்பின் முதல் பகுதியில் நான்கு சிறு பிரதிகள், 20 கேள்விகள், 15 நிமிடம். பள்ளியில் எழுந்து நின்று சொல் சொல்லாக உரக்கப் படித்துப் பழகியவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். அவர்களே தாய்மொழியில் அப்படி வாசிப்பதில்லை. 1945இல் பி.என். பணிக்கர் திருவிதாங்கூர் நூலகங்களை ஒரு சங்கமாகத் திரட்டிய நாட்டில், வாசகசாலை மேசையில் பத்திரிகையைப் புரட்டுகிறவர் தங்க விலை, மரண அறிவிப்பு, பிஎஸ்சி வேலைத்தேர்வுப் பக்கம் என்று கண்ணாலேயே தாவித் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்கிறார். ஆங்கிலத்தாளைக் கண்டதும் அந்தத் தைரியம் போய், முதல் வரியிலிருந்து விரலோட்டத் தொடங்குகிறார். டைமரை வைத்து, முழுப் பத்தியைப் படிக்கவிடாமல் மருந்தின் அளவை மட்டும் தேடச் சொல்லும் பயிற்சி இதற்கு உதவும்.

சொல்வளத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. நர்சிங் படிப்பே ஆங்கிலத்தில்தான். 'ஹைப்பர்டென்ஷன்', 'எடிமா' எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. தேர்வின் ரோல் பிளேயில் அவை உதவாது. எதிரே நோயாளியாக உட்கார்ந்திருப்பவரிடம் எடிமாவைக் 'கால் வீக்கம்' என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். மதிப்பெண் மொழிக்கு மட்டுமல்ல, நோயாளியின் கவலையைக் கேட்டறிகிற விதத்துக்கும் உண்டு. வார்டில் "பயப்படாண்டாம் அம்மா, என்ன செய்யுது?" என்று கட்டிலோரம் குனிந்து கேட்கிற அதே பெண், ஆங்கிலத்தில் 'டோன்ட் வொரி'யோடு நிறுத்திவிட்டு அறிவுரைக்குத் தாவிவிடுவார். அந்த 'என்ன செய்யுது?'வை ஆங்கிலத்தில் கேட்டுப் பழகுவதுதான் மீதிப் பயிற்சி.

சிலர் இதற்கிடையில் ஜெர்மனுக்கு மாறுகிறார்கள். கேரள அரசின் நார்கா ரூட்ஸ் அமைப்பு திருவனந்தபுரத்தில் நடத்தும் அயல்மொழி நிறுவனத்தில் ஓஇடியும் உண்டு, ஜெர்மனும் உண்டு. கேரள நர்சுகளை ஜெர்மனிக்கு அனுப்பும் 'டிரிபிள் வின்' திட்டமும் நார்கா வழியாகவே நடக்கிறது. ஆங்கிலத்தில் 'தி' எங்கே போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு அங்கே மூன்று பாலுக்கு 'டெர்', 'டீ', 'டாஸ்' என்று மூன்று 'தி' காத்திருக்கின்றன. ஆனால் துணைவாக்கியத்தில் வினை, நம் இரண்டு மொழியிலும் போலவே, கடைசியில் வந்து உட்காரும். அந்தப் பாடத்தை மட்டும் பாறசாலைக்காரர்கள் கேள்வி கேட்காமல் தாண்டிவிடலாம்.