மெட்ராஸ் தெருவில் ஒரு நாள்

கிறைஸ்ட்சர்ச் வரைபடத்தை முதல் தடவை விரிச்சுப் பார்த்தப்போ எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊருக்கு நட்ட நடுவுல, வடக்கு தெற்கா நீளமா ஓடுற பிரதான தெருவுக்குப் பேரு கொழும்பு தெரு. அதுக்குக் கிழக்கே ரெண்டாவதா மெட்ராஸ் தெரு! வேற ஒண்ணுமில்லை மக்களே, 1850ல் எட்வர்ட் ஜாலிங்கற சர்வேயர் கோடு போட்டுத் தெரு பிரிச்சப்போ, பேருக்கு எங்கே போறதுன்னு ஆங்கிலிகன் சபையோட மறைமாவட்டப் பட்டியலைக் கையில எடுத்துட்டாங்க. இங்கிலாந்து, அயர்லாந்து ஊர்ப் பேரெல்லாம் போக, வெளியே இருந்ததில் கொழும்பும் மெட்ராசும் பார்படோசும் மாட்டிக்கிச்சு. நம்ம ஊர் 1996ல் சென்னை ஆயிடுச்சு. இங்கே இன்னும் மெட்ராஸ் மெட்ராஸ்தான்.

2019 ஜனவரி. கோடை விடுமுறை. அப்போ நான் டனிடினில் படிச்சிட்டிருந்தேன். கூட வர்றேன்னு சத்தியம் பண்ணின நண்பருக்குக் கடைசி நேரத்துல பகுதிநேர வேலையில் ஷிஃப்ட் கிடைச்சிடுச்சு, கழண்டுக்கிட்டார். சரி, தனியாவே போவோம்னு பஸ் ஏறி முதல்நாள் சாயங்காலம் வந்து இறங்கிட்டேன். மறுநாள் முழுசும் என் கையில. பையில தண்ணி பாட்டில், ரெண்டு சப்பாத்தி ரோல், அவ்ளோதான்.

இந்த ஊரோட கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 2010 செப்டம்பர் 4, விடியக்காலை 4.35க்கு 7.1 அளவுல ஒரு நிலநடுக்கம். எல்லாரும் படுக்கையில இருந்த நேரம். இடிபாட்டுல சிக்கி ஒருத்தர்கூடச் சாகலை. தப்பிச்சோம்டா சாமின்னு ஊரே பெருமூச்சு விட்டுச்சு. அஞ்சரை மாசம் கழிச்சு 2011 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை, மதியம் 12.51க்கு இன்னொண்ணு. அளவு 6.2தான். ஆனா இது ஊருக்குப் பத்து கிலோமீட்டர் தூரத்துல, பூமிக்கடியில வெறும் அஞ்சு கிலோமீட்டர் ஆழத்துல. அதுவும் சாப்பாட்டு நேரம், தெரு பூரா ஜனங்க. 185 பேர் போயிட்டாங்க. எண் சின்னதா இருந்தா ஆபத்தும் சின்னதுன்னு நாம நினைச்சுக்கறோம் பாருங்க, பூமிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

காலையில முதல்ல சதுக்கத்துக்குப் போனேன். கிறைஸ்ட் சர்ச் தேவாலயம் வேலி போட்டு நிக்குது. கோபுரம் பிப்ரவரியிலேயே விழுந்தாச்சு. மேற்குப் பக்கத்து ரோஜா ஜன்னல் அதே வருஷம் ஜூன் அதிர்வில் உதிர்ந்தாச்சு. அந்த ஓட்டை வழியாப் புறாக்கள் போறதும் வர்றதுமா இருந்தது. உள்ளே பெரிய குடித்தனமே நடக்குது. இடிச்சிட்டுப் புதுசாக் கட்டலாம்னு ஒரு கூட்டம், இடிக்கக்கூடாதுன்னு ஒரு கூட்டம், கோர்ட்டு, கேஸுன்னு வருஷக்கணக்கா இழுத்து, 2017 செப்டம்பரில்தான் பழையபடியே மீட்டெடுக்கறதுன்னு சபை முடிவெடுத்தது. (வேலை ஆரம்பிச்சும் பிரயோசனமில்லை, 2024ல் பணம் பத்தாம பாதியில நிறுத்திட்டாங்க.)

சதுக்கத்தோட ஓரத்துல தங்க நிறத்துல மினுமினுன்னு ஒரு கட்டடம். தூரங்கா, நகரத்தோட மைய நூலகம். 2018 அக்டோபரில் திறந்தது, நான் போனப்போ மூணு மாசக் குழந்தை. நிலநடுக்கம் வந்தா இதோட சுவர்கள் அசைஞ்சு குடுத்து, ஆட்டம் நின்னதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிக்கிற மாதிரி இறுக்கி இழுத்த எஃகு வச்சுக் கட்டியிருக்காங்களாம். நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை தத்துவம்தான். மாடித் தளத்துல நின்னு பார்த்தா எதிரே அந்த உடைஞ்ச தேவாலயம். ஒரே கண் பார்வைக்குள்ள ரெண்டும். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வை-ஃபை இலவசம் வேற, சொல்லணுமா?

நகர மையம் பத்தி எனக்கு ஒரு கருத்து உண்டு, யாரும் கோச்சுக்காதீங்க. புதுக் கட்டடங்கள் அழகுதான், கண்ணாடியும் எஃகுமா. ஆனா எல்லாத்துக்கும் ஒரே வயசு. ஒரு ஊர்ல தாத்தா கட்டடம், அப்பா கட்டடம், பேரன் கட்டடம்னு கலந்திருக்கணும் இல்லையா? இங்கே எல்லாம் ஒரே வகுப்புல படிக்கிற பசங்க மாதிரி இருக்கு. நடுநடுவுல ஜல்லி கொட்டின காலி மனை, அதுல கார் நிறுத்துமிடம். 2011 அக்டோபரில் கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கேஷல் தெருவுல ஒரு கடைவீதியே நடத்தினாங்க. அதைப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. ஒரு வருஷம் முன்னாடியே, 2018 ஜனவரியில், மூடிட்டாங்களாம். இந்த ஊர்ல தற்காலிகமா இருந்ததுகூடப் பழைய நினைவு ஆயிடுது. ஒண்ணு மட்டும் ரொம்பப் பிடிச்சது. 2012ல் காலி மனைகள்ல உயிர் கொண்டு வரணும்னு ஒரு குழு ஒரு பழைய வாஷிங் மெஷினுக்குள்ள பாட்டுப் பெட்டி வச்சு, முன்னாடி ஆடறதுக்கு மேடை போட்டிருக்கு. காசு போட்டு, நம்ம பாட்டை இணைச்சுட்டு, நடுத்தெருவுல ஆடலாம். குத்துப்பாட்டு ஒண்ணு போடலாமான்னு யோசிச்சது உண்மை. :-)

அங்கிருந்து மெட்ராஸ் தெரு. முதல்ல கண்ணுல படறது அட்டை தேவாலயம். நிஜமாவே அட்டைக் குழாய்தான். ஷிகெரு பான்ங்கற ஜப்பானியக் கட்டடக் கலைஞர் வடிவமைப்புக்குக் காசு வாங்காம செஞ்சு குடுத்தது, 2013 ஆகஸ்டுல திறந்தது. உள்ளே 700 பேர் உட்காரலாம். பெரிய பெரிய குழாய்கள் ஏ மாதிரி சாஞ்சு நிக்க, இடுக்கு வழியா வெளிச்சம் விழுது. தற்காலிகத்துக்குன்னு கட்டினது ஜம்முனு நிக்குது, கல்லுல கட்டினது வேலிக்குள்ள கிடக்குது.

ஜப்பான்காரர் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்னு தோணுச்சுன்னா, அதே தெருவுல கொஞ்சம் நடங்க. 249, மெட்ராஸ் தெரு. சிடிவிங்கற உள்ளூர் டிவி நிலையத்தோட ஆறு மாடிக் கட்டடம் இருந்த இடம். இப்போ புல், மரம், உட்கார இடம். அன்னிக்கு அந்தக் கட்டடம் சில நொடியில தட்டையாப் போயிடுச்சு. அப்புறம் தீயும் பிடிச்சுது. 185ல் 115 பேர் இங்கேதான். அதுலயும் பாதிக்கு மேல வெளிநாட்டு மாணவர்கள். உள்ளே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிற பள்ளிக்கூடம் ஒண்ணு இருந்தது. ஜப்பானிலிருந்து வந்தவங்க மட்டும் 28 பேர் போனாங்க, அதுல ஒரே கல்லூரியிலிருந்து வந்த 12 பேர்.

நான் எத்தனையோ நினைவிடம் பார்த்திருக்கேன். பெரும்பாலும் அது யாரோட துக்கமோ. நாம மரியாதைக்குக் கொஞ்சம் நின்னுட்டு நகர்ந்துடுவோம். இங்கே நகர முடியலை. வீட்டுல கடன் வாங்கியோ சேர்த்து வச்சோ அனுப்பியிருப்பாங்க. இங்கிலீஷ் சரளமா வந்தா போதும், மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்னு வந்திருப்பாங்க. வகுப்புல தப்பாப் பேசிச் சிரிச்சிருப்பாங்க. என்னையும் உங்களையும் மாதிரிப் பசங்க. நான் உட்கார்ந்த வகுப்பறைகள்ல ஒண்ணோடயாவது கட்டடச் சான்றிதழை நான் பார்த்திருக்கேனா? விசா பார்த்தேன், ஃபீஸ் பார்த்தேன், வாடகை பார்த்தேன்.

அந்தக் கட்டடத்தைச் செப்டம்பர் அதிர்வுக்கு அப்புறம் சோதிச்சுப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. உள்ளே போகலாம்னு அர்த்தம். விசாரணை ஆணையம் 2012ல் சொன்னது: எண்பதுகள்ல போட்ட வடிவமைப்பே குறையுள்ளது, அதைப் போட்டவருக்கு இந்த மாதிரி மாடிக் கட்டட அனுபவம் கிடையாது, நகர நிர்வாகம் அனுமதியே கொடுத்திருக்கக் கூடாது. 2017 நவம்பரில் போலீஸ் சொன்னது: யார் மேலேயும் வழக்கு இல்லை. அந்தப் புல்லுல உட்கார்ந்து போன்ல இதைப் படிச்சேன். பூகம்பம் இயற்கை, சரி. ஆனா பக்கத்துல நின்ன கட்டடங்கள் அப்படித் தட்டையாப் போகலையே?

கேஷல் தெரு சேர்ற பக்கம் 185 வெள்ளை நாற்காலிகள் வரிசையா இருந்தது. உள்ளூர்க் கலைஞர் ஒருத்தர் செஞ்சது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி, ஆபீஸ் நாற்காலி, சாய்வு நாற்காலி, ஒரு சக்கர நாற்காலி. கைக்குழந்தையைக் கார்ல வச்சுக் கொண்டுபோற தொட்டில் ஒண்ணு, அதுவும் வெள்ளையடிச்சு. அதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் நிக்கலை, நிக்க முடியலை.

அப்போன்னு பார்த்து அம்மா போன். இங்கே மதியம் ஒன்றரை, அங்கே காலை ஆறு.

"எங்கடா இருக்க?"

"மெட்ராஸ் தெருவுலம்மா."

"விளையாடாத. சாப்டியா?"

நிஜமாவே அப்படி ஒரு தெரு இருக்குன்னு புரிய வைக்கறதுக்குள்ள அரை நிமிஷம் ஆச்சு. அப்புறம் சிரிச்சுட்டுக் கேட்டாங்க, "அங்க என்னடா பாக்குறதுக்கு இருக்கு?"

"ஒரு சர்ச்சு இருக்கு. தோட்டம் இருக்கு. நல்லாருக்கும்மா."

நியூசிலாந்துன்னு முடிவானப்போ "அங்க பூகம்பம் வருமாமே"ன்னு அவங்க கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அதெல்லாம் எப்பவோ வந்தது"ன்னு நான் சொன்னதும் ஒரே ஒரு பதில்தான். அதை மாத்த மனசு வரலை.

மத்தியானம் பஸ் பிடிச்சு ஏவன்சைடு போனேன். ஏவன் ஆத்தோரம். 'சிவப்பு மண்டலம்'னு அரசாங்கம் அறிவிச்ச பகுதி. நம்ம மெரினாவுல ஈர மணல்ல நின்னு காலை ஆட்டினா, கெட்டியா இருந்த மணல் கூழாகிக் கால் உள்ளே போகும் இல்லையா, அதேதான் இங்கே தெருத்தெருவா நடந்தது. தண்ணி நிறைஞ்ச மண் குலுங்கினதும் குழம்பாகி, தரையைப் பிளந்துக்கிட்டு வெளியே வந்து வீட்டைச் சாய்ச்சிடுச்சு. இங்கே இனிமே கட்ட வேண்டாம்னு அரசே 2007 மதிப்புக்கு வாங்கிக்கிட்டு, நகரம் முழுக்க ஏறக்குறைய 8,000 வீடுகளை எடுத்துடுச்சு.

எடுத்தது வீட்டை மட்டும். ரோடு இருக்கு, நடைபாதை ஓரக்கல் இருக்கு, தெருவிளக்குக் கம்பம் இருக்கு. வீட்டுக்குத் திரும்பற இடத்துல கல் சரிவாத் தாழ்ந்திருக்கு, ஆனா அதுக்கப்புறம் புல்தான். வீட்டு எல்லையில நட்ட மரங்க அப்படியே நிக்குது. கோடு போட்ட மாதிரி ரோஜாச் செடி வரிசை. ஒரு சத்தம் கிடையாது.

ஒரு பிளம் மரத்தடியில வயசான ஒருத்தர் வாளி வச்சுக்கிட்டுப் பழம் பறிச்சிட்டிருந்தார். எந்த ஊருன்னார். சென்னைன்னேன், முழிச்சார். மெட்ராஸ்னேன். "அட, நம்ம தெரு!"ன்னார்.

"இது உங்க மரமா?"ன்னு கேட்டேன்.

"இருந்தது."

பேச ஆரம்பிச்சா நிறுத்தலை. நீ நிக்கிறது சமையலறை, அந்தப் புதர் குளியலறைன்னு கை காட்டினார். 2011ல் பிப்ரவரி, ஜூன், டிசம்பர்னு மூணு தடவை சேறு வந்ததாம். பிப்ரவரியில முழங்கால் உயரம். பல்கலைக்கழகப் பசங்க மண்வெட்டியும் தள்ளுவண்டியுமா வந்து வாரிக் கொட்டினாங்களாம். ஃபேஸ்புக் வழியா ஆயிரக்கணக்குல திரண்ட மாணவர் தொண்டர் படை அது. "ஒருத்தன் பேர்கூடக் கேட்டு வச்சுக்கலை, டீ மட்டும் போட்டுக் கொடுத்தோம்"னார். இப்போ ஊருக்கு வெளியே ரோல்ஸ்டன்ல புது வீடு. குளிருக்கு நல்லா இருக்காம். அங்கேயும் ஒரு பிளம் கன்னு வச்சிருக்காராம், இன்னும் காய்க்கலை. அதனால ஜனவரியானா இங்கே வந்துடறார்.

வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லச் சப்பாத்தி சுத்தியிருந்த கவர் நிறையப் பழம் போட்டுக் கொடுத்துட்டார். தோல் புளிப்பு, உள்ளே தேன். பஸ்ல வரும்போதே அஞ்சாறு காலி. மீதியைத் தங்கியிருந்த விடுதியோட சமையலறையில, யார் வேணா எடுத்துக்கலாம்னு ஒரு தட்டு இருக்கும், அதுல வச்சேன். காலையில டனிடின் பஸ்ஸுக்குக் கிளம்பறப்போ எட்டிப் பார்த்தேன். கொட்டை மட்டும் ரெண்டு கிடந்தது.