அழிந்த ஆறு வரிகள்

மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று செயலாளர் இரண்டு வாரமாகத் துரத்துகிறார். கவிதை எனக்கு வராது. அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

நம் கல்லூரி மணியை அடிப்பது வாட்ச்மேன் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் லேப் மூலையில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் ஒரு பைத்தான் புரோகிராம் ஓடுகிறது. நமக்கு மூன்று பேட்ச் முந்தைய அண்ணன்கள் எழுதியது. எப்போது அடிக்க வேண்டும், எத்தனை விநாடி அடிக்க வேண்டும் என்பதெல்லாம் புரோகிராமுக்குள் இல்லை; பக்கத்தில் ஒரு ஐஎன்ஐ ஃபைலில் இருக்கிறது. இடது பக்கம் பெயர், நடுவில் சமக்குறி, வலது பக்கம் மதிப்பு. நோட்பேடில் திறந்து யாரும் படிக்கலாம்.

தேர்வு சமயத்தில் மதிய மணியை மாற்றச் சொன்னார் சார். நோட்பேடில் அரை நிமிட வேலை. நான்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே! பைத்தானோடு வரும் கான்ஃபிக்பார்சர் மாட்யூலை வைத்து ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதினேன். படி, மாற்று, திரும்ப எழுது. பத்து வரிகூட இல்லை. விடுமுறை நாளா என்று பார்க்கும் இடத்தில் மட்டும் சறுக்கியது. அந்த மாட்யூல் எதைக் கேட்டாலும் எழுத்தாகத்தான் தரும். ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லும் காலி இல்லாத எழுத்துதானே, பைத்தான் அதை ‘ட்ரூ’ என்று எடுத்துக்கொண்டது! கெட்பூலியன் போட்டதும் சரியாயிற்று. மணி சரியாக அடித்தது. சார் முதுகில் தட்டினார்.

இரண்டு வாரம் கழித்து, புதிதாக வந்த இன்னொரு சார் கடைசி மணியை 4.05-லிருந்து 4.15-க்குத் தள்ளினார். கடைசி பீரியடில் பத்து நிமிடம் குறைகிறதே என்பது அவர் நியாயம். ஸ்டாப்புக்கு நடக்கவே பத்து நிமிடம். எங்கள் ரூட்டில் வருகிற அத்தனை பேரும் 4.20 பஸ்ஸை விட்டோம். அடுத்தது 6.30-க்கு. ஊரில் இறங்கும்போது நல்ல இருட்டு. அம்மா டார்ச்சோடு நின்றிருந்தார். “காலேஜ் எப்ப விடும்னு யாரைப் போய்க் கேக்கறது? நம்ம வீட்ல யாருடா அங்க போயிருக்கா?” என்றார்.

மறுநாள் ஃபைலைத் திறந்தேன். மதிப்புகளுக்கு மேலே ஷார்ப் குறி போட்டு அண்ணன்கள் குறிப்பு எழுதியிருந்தார்கள். ‘4.20 பஸ் பிள்ளைகள் இருக்காங்க, 4.05-ஐத் தாண்டாதே’ என்று ஒன்று, நானே படித்தது. இப்போது ஒன்றுகூட இல்லை. ஆறு வரியும் போயிருந்தன.

கான்ஃபிக்பார்சர் படிக்கும்போதே குறிப்பு வரிகளைத் தாண்டிவிடும். பெயரையும் மதிப்பையும் மட்டும்தான் மனசில் வைத்துக்கொள்ளும். திரும்ப எழுதும்போது அது மட்டும்தான் வரும். எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா பால் கணக்குக்குப் புள்ளி வைப்பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் நான் எண்ணி நோட்டில் எழுதினேன். தண்ணிப்பால் வந்த நாளுக்குப் புள்ளி பக்கத்தில் கோடு போட்டிருந்தாராம். அதை நான் எழுதவில்லை. அன்று வாங்கிய திட்டு இப்போது ஞாபகம் வந்தது.

தப்பு என்னுடையது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தேன், மறைக்கவில்லை. அன்றும் 6.30 பஸ்தான். மறுநாள் காலையில் இரண்டு சார்களிடமும் போய்ச் சொன்னேன். திட்டு விழுந்தது. ஆனால் மணி அன்றே 4.05-க்குத் திரும்பியது.

இப்போது என் ஸ்கிரிப்ட் ஃபைலை வரி வரியாகப் படிக்கிறது. கேட்ட பெயரில் தொடங்கும் வரியை மட்டும் மாற்றும், மற்றதைத் தொடாது. முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுதும்.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன். ஆறில் ஐந்து குறிப்பைச் சொன்னார், திரும்ப எழுதிவிட்டேன். மிச்சம் ஒன்று: ‘டிலே = 7’. ஏன் ஏழு என்று அவருக்கும் நினைவில்லை. ஐந்தாக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த மலர் பழைய மாணவர் யார் கையிலாவது கிடைத்து, அவருக்குத் தெரிந்திருந்தால், லேபுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள் அண்ணே.

– மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை