முன் சக்கரத்தின் சத்தம்



கடந்த மூன்று வாரங்களாக நான் மிதிவண்டியில் வீடு சந்திப்புக்கு வருவதைக் கண்டு உங்களில் பலர் காரணம் கேட்டீர்கள். வண்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். நம் ஆலயப் பணியாளர் அண்ணன் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டுடன், இடது கையால் மணியடிப்பதைக் கண்டும் கேட்டீர்கள். அரியாங்குப்பம் போய்த் திரும்பும்போது சாலை மோசமாக இருந்தது, விழுந்துவிட்டோம் என்றேன். இரண்டு பதில்களும் பொய்யல்ல. இரண்டும் பாதிப் பதில்கள். மீதிப் பாதியை இந்த வாரம் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். அதற்கு ஒரு மின்சார ஸ்கூட்டரின் முன் ஷாக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் அநேகர் இப்போது அத்தகைய வண்டிகளை ஓட்டுகிறபடியால், அது வீண்போகாது.

அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது 2022-ஆம் ஆண்டில். அதற்கு முன் பல ஆண்டுகள் பெட்ரோல் ஸ்கூட்டர் ஓட்டியவன் நான். அதன் எஞ்சின் இரைச்சலில் வண்டியின் மற்ற எல்லாச் சத்தங்களும் அமிழ்ந்துபோகும். மின்சார வண்டியில் அந்தத் திரை கிடையாது. திருவிருந்துப் பெட்டிக்குள் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசுவதுகூடக் கேட்கும். அப்படித்தான் முன் சக்கரத்திலிருந்து வந்த அந்த 'டக்' என்ற ஒலியும் கேட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒரு முறை. பிரேக்கை விடும்போது இன்னொரு முறை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, நேர்க்கோட்டில் அமைந்த தெருக்களில் அது அடங்கிவிடும். வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்ததும் மறுபடி தொடங்கும். ஆகவே குறை சாலையில்தான் என்று முடிவு கட்டுவது எனக்கு எளிதாயிருந்தது.

பின்னால் அமர்ந்து வருகிற அண்ணன் முதலில் சொன்னது, ஃபெஞ்சல் புயலுக்குப் பிந்தைய மாதங்களில். 2024 நவம்பர் 30 அன்று அந்தப் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்ததும், மறுநாள் தெருக்கள் எப்படிக் கிடந்தன என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் தேங்கிய நீரிலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனோம். பிறகு ஒருநாள் அவர், "ஐயா, முன்னாடி ஏதோ தட்டுது, கேக்குதுங்களா?" என்றார். "ரோடு அப்படிண்ணே" என்றேன். அவர் கணக்குப்படி நான்கு முறை சொல்லியிருக்கிறார். எனக்கு இரண்டுதான் நினைவிருக்கிறது. இந்த இடத்தில் அவருடைய கணக்கையே நான் நம்புகிறேன்.

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நோயுற்ற ஒரு சகோதரிக்கு ஜெபம் செய்துவிட்டு அரியாங்குப்பத்திலிருந்து திரும்பினோம். பாலம் கடந்து முருங்கப்பாக்கத்தில் வருகையில், குறுக்கே ஒரு நாய் ஓடிற்று. பிரேக் பிடித்தேன். வண்டியின் முன்பகுதி தலைகுனிவதுபோல் கீழே அமிழ்ந்தது. வழக்கமாக அமிழ்ந்த வேகத்தில் மெல்ல எழும். அன்றோ எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. அதற்குள் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்க, கைப்பிடி என் கையைவிட்டு ஒருபுறமாய்த் திரும்பிற்று. வேகம் அதிகமில்லை. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். அண்ணன் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு விரிந்துவிட்டது. ஆறு வாரம் கட்டு.

நிறுவனத்தின் பணிமனையில் உதிரிபாகம் வர நாளாகும் என்றார்கள். நெல்லித்தோப்பில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி சிறிய பட்டறை வைத்திருக்கிறார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அவரிடம் நிறுத்தினேன். மின்சார வண்டி என்றாலே பல மெக்கானிக்குகள் தயங்குவார்கள். அவர் தயங்கவில்லை. "பேட்டரி, மோட்டாரைத் தொட மாட்டேங்கய்யா. முன்னாடி இருக்கிறது எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்" என்றார். ஆனால் முதலில் செய்தது, சாவியை அணைத்து எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதுதான். எஞ்சின் சத்தம் இல்லாததால் வண்டி உயிரோடிருப்பது தெரியாதாம். யாராவது ஆக்ஸிலேட்டரைத் தெரியாமல் திருகினால் வண்டி மேலே பாய்ந்துவிடுமாம்.

பிறகு என்னை அருகே அழைத்து உட்காரச் சொன்னார். முன் சக்கரத்தின் இருபுறமும் இரண்டு குழாய்கள் இருக்கின்றன அல்லவா? மேலிருந்து வருகிற மெல்லிய குழாயை 'ராடு' என்கிறார்கள். அது கீழேயுள்ள தடித்த குழாய்க்குள் இறங்கி ஏறும். உள்ளே ஒரு சுருள்வில்லும் கொஞ்சம் எண்ணெயும் உண்டு. பள்ளத்தின் அடியை வில் வாங்கிக்கொள்ளும். வாங்கியதை உடனே திருப்பித் தர முயலும். அப்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் போக வேண்டியிருப்பதால், அந்த வேகம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது. எண்ணெய் இல்லாவிட்டால் வில் மட்டும் துள்ளிக்கொண்டே இருக்கும். அன்று என் வண்டி செய்தது அதுவே.

அந்த எண்ணெய் எங்கே போயிற்று? தம்பி ராடின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஊசிமுனையளவு சொரசொரப்பான புள்ளிகள். கடற்கரை ஊரின் உப்புக்காற்று குரோமிய முலாமைத் தின்ற இடங்கள் அவை. சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிகள் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையத்தை, அதாவது ஆயில் சீலைக் கீறிக்கொண்டே இருந்திருக்கின்றன. புயல் நாட்களில் உள்ளே சேர்ந்த மண்ணும் நீரும் மீதி வேலையைச் செய்திருக்கும் என்றார். எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்து கீழே வழிந்திருக்கிறது. வழிந்தது எங்கே தெரியுமா? பிரேக் கட்டையின்மேல். பிரேக் சரியாகப் பிடிக்காமற்போனதற்கும் அதே காரணம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்து, "ஆறு மாசமாவது சத்தம் வந்திருக்குமேங்கய்யா?" என்று கேட்டார். ஆமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் அசைத்தேன்.

ராடுகளைக் கழற்றி ஒரு கடப்பா கல்லின்மேல் உருட்டினார். ஒன்று நேராக உருண்டது. மற்றொன்று விழுந்த அடியில் நூலளவு வளைந்திருந்ததால் தடுமாறி உருண்டது. வளைந்ததை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். செலவை நினைத்துக் கேட்ட கேள்வி அது. ஒரு கால் புதிது, ஒரு கால் பழையது என்றிருந்தால் சக்கரம் ஒருபுறம் இழுக்கும் என்றார். ஆகவே இரண்டு ராடுகள், இரண்டு ஆயில் சீல்கள், அவற்றின் மேலுள்ள தூசி சீல்கள், இருபுறமும் ஒரே அளவாக அளந்து ஊற்றிய புதிய எண்ணெய், பிரேக் கட்டைகள். கைப்பிடி திரும்புகிற கழுத்தில் உள்ள கோன் செட்டையும் கழற்றிக் காட்டினார். நேராகப் போகும் நிலையில் குண்டுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தது. 'டக்' என்ற ஒலியில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

ராடுகள் வந்து சேர ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. காத்திருந்த நாட்களில் இதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். என் தகப்பனாரின் பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில் முன் சக்கரத்தை ஒரே பக்கத்துக் கை தாங்கியிருக்கும். சிறுவயதில் அதைப் பார்த்து, மறுபக்கம் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறேன். 1946-இல் இத்தாலியில் வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப் போன்ற அமைப்பை ஸ்கூட்டருக்குக் கொடுத்தார். அந்த ஒற்றைக் கை நம் நாட்டு மின்சார ஸ்கூட்டர்கள் சிலவற்றிலும் தொடர்ந்தது. என் வண்டி அந்த வகை அல்ல. இரு கால் வகை.

ஒற்றைக் கை வகை ஒன்றைப் பற்றிய செய்தி உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்கு அருகே தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தின் எஸ்1 ஸ்கூட்டர்கள் சிலவற்றில் முன்பகுதி முறிந்ததாக, 2022-இல் உரிமையாளர்கள் படங்களுடன் முறையிட்டார்கள். 2023 மார்ச் மாதத்தில் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அச்சத்துக்கு அடிப்படையில்லை, முன் ஃபோர்க் கை வழக்கமாகத் தேவைப்படுவதைவிடக் கூடுதல் பாரத்தைத் தாங்கும்படி அமைக்கப்பட்டது என்று அதில் கூறப்பட்டிருந்தது. அதே அறிவிப்பில், வலுவை மேலும் கூட்டிய புதிய கையை விரும்புகிறவர்கள் கட்டணமின்றி மாற்றிக்கொள்ளலாம், மார்ச் 22 முதல் அதற்கு நேரம் பதிவு செய்யலாம் என்றும் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த எஸ்1 புரோவின் அடுத்த தலைமுறை வண்டி இரு கால் ஃபோர்க்குடன் வந்தது.

அந்தப் பொறியியல் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுள்ளவனல்ல, சொல்லவும் மாட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம், முறியாத வண்டிக்காரர்களுக்கும்கூட, பாகத்தை மாற்றித் தர முன்வந்தது நல்ல காரியம். ஆனால் அந்த அறிவிப்பை வாசித்தபோது, 'குறை இல்லை. ஆயினும் மாற்றித் தருகிறோம்' என்ற அதன் நடை எனக்கு மிகவும் பழக்கமானதாகத் தோன்றிற்று. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்த வாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து அண்ணனிடம் நான் பேசியதும் அதே நடையில்தான். "ரோடு சரியில்ல, என்ன பண்றது? ஆனா மருந்துச் செலவு முழுக்க நான் பாத்துக்கறேண்ணே" என்றேன். மருந்துச் செலவை உண்மையாகவே பார்த்துக்கொண்டேன். சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படிச் செலவை ஏற்றுக்கொண்டு காரணத்தை விழுங்குவது, பாவ அறிக்கையைப் பற்றி இருபத்தைந்து வருடமாகப் பிரசங்கிக்கிற ஒருவனுக்கு எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள்.

சென்ற வியாழக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தேநீர் கொடுத்தார். தம்பி பட்டறையில் சொன்ன யாவையும் சொன்னேன். சத்தம் எனக்கும் கேட்டது, நீங்கள் சொன்னதும் கேட்டது, செலவையும் நேரத்தையும் எண்ணித் தள்ளிப்போட்டேன், சாலையின்மேல் போட்டது தவறு என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும்யா. கீழ எண்ணெய் சொட்டுறத நான்தான் ரெண்டு தடவ துணியால துடைச்சேன்" என்றார். கேள்வி கேட்டது அவர் மனைவி. "இவரு சொன்னத நீங்க ஏன்யா காதுல வாங்கல? சபை மூப்பர் யாராவது சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்கதானே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இருந்தது. அது ஆம் என்பதே.

இந்த வாரமே உங்கள் வண்டியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் 'டக்' என்று தட்டினால் கோன் செட் தேய்ந்திருக்கலாம். அப்படியே பிடித்தபடி கைப்பிடியைக் கீழே நான்கைந்து முறை அழுத்தி விட்டு, ராடைக் குனிந்து பாருங்கள். எண்ணெய் வளையமாகப் படிந்திருந்தால் சீல் போய்விட்டது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் மேலெழும்படி யாரையாவது பின்னால் அழுத்தச் சொல்லிக் கைப்பிடியை மெல்லத் திருப்புங்கள். நடுவில் எங்கேனும் சிக்கினால் காட்டிவிடுங்கள். கடற்கரையை ஒட்டிக் குடியிருப்பவர்கள் வாரம் ஒருமுறை ராடை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் உப்புப் படியாது. பின்னால் உட்கார்ந்து வருபவர் சத்தம் கேட்கிறது என்று சொன்னால், அன்றைக்கே பட்டறைக்குப் போய்விடுங்கள்.

வண்டி சனிக்கிழமை வந்தது. தம்பி சக்கரத்தை மாட்டி, அச்சு நட்டை இறுக்குவதற்கு முன் முன்பகுதியைப் பலமுறை அமுக்கி எழவிட்டார். கால்கள் இரண்டும் தம் இயல்பான இடத்தில் அமர்ந்த பிறகுதான் இறுக்கினார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கோன் செட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். ஆலய வாசலில் நிறுத்தியபோது அண்ணன் வந்தார். இடது கையால் கைப்பிடியை மூன்று முறை அமுக்கினார். குனிந்து ராடைப் பார்த்தார். விரலால் தொட்டு, விரலைப் பார்த்தார்.

"நல்லா இருக்குங்கய்யா" என்றார். அன்று மாலை முத்தியால்பேட்டையில் ஜெபக்கூட்டம் இருந்தது. "ஏறுங்கண்ணே" என்றேன். "இந்த வாரம் நான் பஸ்லயே வந்துடறேன்யா" என்று சொல்லிவிட்டு மணியடிக்கப் போனார்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஆகும்போது அவருடைய கட்டைப் பிரித்திருப்பார்கள். பட்டறைக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.