மீறுவதற்கு முன் விளங்க வேண்டும்

மொனராகலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர் அவர். இரண்டு கைகளிலும் தோல் வெந்து உரிந்திருந்தது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்டோம். தோட்டத் தரப்பின் பதில் ஒரே வரி: “போத்தலிலேயே எச்சரிக்கை இருக்கிறது, வேண்டுமென்றே மீறினார்.”

எச்சரிக்கை இருந்தது உண்மை. மூன்று மொழியிலும் எழுத்து. அடியில் நிறப் பட்டையில் வரிசையாகச் சின்னப் படங்கள். என் கட்சிக்காரருக்கு வாசிக்க வராது. அவரைப் போன்றவர்களுக்காகவே 1980களில் ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் மருந்துத் தயாரிப்பாளர்களின் சர்வதேசச் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய படங்கள் அவை.

விசாரணைக்கு முதல்நாள் போத்தலை மேசையில் வைத்தேன்.

“இது என்ன அண்ணே?”

“கைங்க ஐயா.”

“பக்கத்துல?”

“பைப்புல தண்ணி விழுது. கைய விட்டுக் கலக்கச் சொல்றாங்க.”

முதற்படம் கையுறை. அடுத்தது, வேலை முடிந்ததும் கழுவு என்பது. இரண்டையும் சேர்த்து அவர் ஒரு வாக்கியம் ஆக்கியிருந்தார். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. போதாக்குறைக்குப் பெயரும் ‘மருந்து’. சிங்களத்திலும் ‘பெஹெத்’தான். காய்ச்சலுக்குக் குடிப்பதும் அதே சொல். மருந்தைத் தொட யார் பயப்படுவார்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் விஷத்தைக் குறிக்கும் மண்டையோட்டுப் படத்துக்கும் இந்தக் கதிதான். பிள்ளைகளுக்கு அது கடற்கொள்ளையரை நினைவூட்டியது. ஊரின் பேஸ்போல் அணிக்கும் அதே பெயர். 1971இல் அங்குள்ள நச்சுச் சிகிச்சை நிலையம், நாக்கை நீட்டி முகஞ்சுளிக்கும் பச்சை முகமொன்றை விஷத்துக்கு அடையாளமாக்கியது.

மறுநாள் விசாரணையில் தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரிடம் போத்தலின் முதற்படத்தைக் காட்டினேன்.

“கையுறை.”

“எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

“மேலே எழுதியிருக்கிறதே.”

“இவருக்குக் கையுறை எப்போது கொடுத்தீர்கள்?”

களஞ்சியப் புத்தகத்தைப் புரட்டினார். போத்தல் கொடுத்த கணக்கு இருந்தது. கையுறை கொடுத்ததாக ஒரு வரி இல்லை. மீறுவதற்கு முன் விளங்கியிருக்க வேண்டும்; கையுறையையே கண்டிராதவருக்கு அந்தப் படம் எப்படி விளங்கும் என்றேன்.

சமரசத்துக்கு வந்தார்கள். தொகை பெரிதல்ல. எண்ணி வாங்கியவர் மேசையிலிருந்த போத்தலை மறுபடி திருப்பிப் பார்த்தார்.

“இப்பவும் கையாத்தான் தெரியுது ஐயா.”