தரம் 5 படிக்கிற ஆளுக்கு பூஸ்டர் சீட்டா?



கொஞ்சம் நீளமான பதிவுதான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொழும்பு, கண்டி என்று தூரம் போகிறவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

காரில் போகும்போது ஒரு பிள்ளை எப்போது பூஸ்டர் சீட்டை விடலாம்? நம்ம ஊரில் யாரிடம் கேட்டாலும் வயதைத்தான் சொல்வார்கள். ஸ்கூலுக்குப் போகத் தொடங்கினால் போதும் என்பார் ஒருவர். ஏழு வயது என்பார் இன்னொருவர். "பூஸ்டர் என்டா பால்மாதானே டீச்சர்" என்று கேட்டவரும் இருக்கிறார்.

என் மகனுக்கு 10 வயது. தரம் 5. உயரம் 138 சென்ரிமீற்றர், நிறை 29 கிலோ. ஆகவே இது இப்போது எங்கள் வீட்டுக் கேள்வி. அவனுடைய பூஸ்டர் முதுகுப் பகுதியோடு வந்தது. தலை வைக்கும் துண்டை மேல் படிவரை உயர்த்தியும் இப்போது தோள் அதைத் தாண்டி நிற்கிறது. பூஸ்டரின் முதுகுக்கு அவன் பெரியவன். காரின் பெல்ட்டுக்கோ இன்னும் சிறியவன். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் நாங்கள் பெற்றோர் அதிகம் குழம்புகிறோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூஸ்டர் பிள்ளையைப் பிடித்து வைப்பதில்லை. பிடிப்பது காரின் பெல்ட்தான். பிள்ளையை உயர்த்தி, அந்தப் பெல்ட் சரியான எலும்பின் மேல் படும்படி செய்வதுதான் பூஸ்டரின் ஒரே வேலை. இன்று நாம் போடுகிற மூன்று புள்ளி பெல்ட்டை 1959இல் வொல்வோ காரில் கொண்டு வந்தவர் நில்ஸ் போலின் என்ற பொறியியலாளர். அது வளர்ந்த ஆளின் உடம்புக்கு அளவெடுத்த பெல்ட். பிள்ளைகளுக்கு அது சரிவராது என்று கண்டு, 1970களில் அதே கம்பனி பிள்ளையை உயர்த்தி வைக்கும் குஷன் ஒன்றையும் செய்தது. பூஸ்டரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

வளர்ந்தவர்களுக்கு இடுப்பெலும்பின் மேல் விளிம்பு ஒரு கொக்கி மாதிரி. பெல்ட் அதில் மாட்டி நிற்கும். பிள்ளைகளுக்கு அந்த விளிம்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. அதோடு அவர்களின் தொடையும் கட்டை. முதுகைச் சாய்த்து இருந்தால் முழங்கால் மடியாது, கால் நீட்டிக்கொண்டு நிற்கும். அது வசதியில்லாததால் பிள்ளை மெல்லச் சறுக்கி முன்னுக்கு வந்துவிடும். அப்போது இடுப்பில் கிடக்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறுகிறது. வயிற்றில் பெல்ட்டை நிறுத்த எலும்பு இல்லை. சடுதியாக பிரேக் அடித்தாலோ எங்காவது மோதினாலோ குடல், ஈரல், முதுகுத்தண்டு எல்லாம்தான் அந்த அடியைத் தாங்க வேண்டும்.

கணக்குப் படிப்பிக்கிறவள் நான், ஒரு சின்னக் கணக்கும் போட்டுவிடுகிறேன். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வாகனம் ஒரு சுவரில் மோதுவது, ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது அது 40 மீற்றர். மூன்றாம் மாடியில் பிள்ளை விளிம்பில் நின்றால் நமக்கு உயிரே போய்விடும். அதே பிள்ளை ஓடுகிற வேனில் இரண்டு சீட்டுக்கு நடுவில் எழும்பி நின்றால் சிரித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறோம்.

சரி, எத்தனை சென்ரிமீற்றர் வளர்ந்தால் பூஸ்டரை விடலாம்? இங்கிலாந்தில் சட்டம் 135 சென்ரிமீற்றர் அல்லது 12 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அது. ஜெர்மனியில் 150 சென்ரிமீற்றர் அல்லது 12 வயது. அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் சொல்வது 4 அடி 9 அங்குலம், அதாவது 145 சென்ரிமீற்றர் அளவு. ஜப்பானில் சட்டம் 6 வயதோடு முடிந்துவிடுகிறது. இப்போது என் மகனைப் பாருங்கள். லண்டனில் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடலாம். ஜெர்மனியில் விட முடியாது. டோக்கியோவில் நாலு வருடத்துக்கு முன்னமே விட்டிருக்கலாம். பிள்ளை ஒன்றுதான், அவனுடைய இடுப்பெலும்பும் ஒன்றுதான். ஆகவே உயரமும் வயதும் ஒரு அடையாளம் மட்டும்தான். பெல்ட் எங்கே விழுகிறது என்பதுதான் விடை.

அதைப் பார்க்க ஐந்து கேள்விகள் இருக்கின்றன. பிள்ளையை பூஸ்டர் இல்லாமல் பின்சீட்டில் இருத்தி, பெல்ட்டைப் போட்டுவிட்டுப் பாருங்கள்.

1. முதுகு முழுவதும் சீட்டில் சாய்ந்திருக்கிறதா?
2. அப்படிச் சாய்ந்திருக்கும்போதே முழங்கால் சீட் விளிம்பில் மடிகிறதா?
3. மேல் பெல்ட் கழுத்தில் படாமல், தோளிலிருந்து கழன்று விழாமல், தோளின் நடுவால் வருகிறதா?
4. கீழ்ப் பெல்ட் வயிற்றில் இல்லாமல் தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பில் கிடக்கிறதா?
5. பயணம் முழுவதும், நித்திரை வந்தாலும், இப்படியே இருக்க முடியுமா?

ஐந்துக்கும் "ஓம்" என்றால் பூஸ்டர் தேவையில்லை. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் தேவை. இதில் ஐந்தாவதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஸுபஹுக்குப் பிறகு வெளிக்கிடுகிற பயணத்தில் எந்தப் பிள்ளை நித்திரை கொள்ளாமல் வருகிறது?

இன்னொரு முக்கிய விஷயம், இது வாகனத்துக்கு வாகனம் மாறும். போன மாதம் கொழும்பில் எங்களுக்கு ஒரு நிக்காஹ் இருந்தது. பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று போய் மத்தளையில் அதிவேகப் பாதைக்கு ஏறுவது என்று ஏற்பாடு. ஒரு வேன், பதினொரு பேர், அதில் பிள்ளைகள் இரண்டு. பூஸ்டர் கொண்டு வருவேன் என்று நான் குடும்ப குறூப்பில் எழுதியதும், "ஸ்கொலர்ஷிப் எழுதப்போற ஆளுக்கு இன்னும் பேபி சீட்டா மதினி?" என்று மச்சான் கேட்டார். கீழே ஏழெட்டுச் சிரிப்பு முகங்கள். அதை மகனும் பார்த்துவிட்டான். "உம்மா, நான் அதுல இருக்க மாட்டன்" என்றான்.

அவனோடு நான் சண்டைக்குப் போகவில்லை. கையில் அடிமட்டத்தைக் கொடுத்து அவனையே அளக்கச் சொன்னேன். முதுகிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை அவனுக்கு 41 சென்ரிமீற்றர். எங்கள் சின்னக் காரின் பின்சீட் ஆழம் 43. வேனின் சீட் 48. எங்கள் காரில் நாலு கேள்வி சரி வந்தது, இரண்டாவது மட்டும் மயிரிழையில் தப்பியது. வேனில் மூன்று கேள்வி பிழைத்தது. பெல்ட் நேரே கழுத்தை வெட்டியது. எண்களைக் கொப்பியில் எழுதிவிட்டு அவனே சொன்னான், "அப்ப உம்மா, எனக்கு இன்னும் 7 சென்ரிமீற்றர் கால் வேணும்." அதற்குப் பிறகு பேபி சீட் என்ற பேச்சு அவன் வாயில் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கட்டளையை விடக் காரணம் பிடிக்கும்.

பெரியவர்கள் விஷயம்தான் கஷ்டம். அந்த வேனில் மூன்று புள்ளி பெல்ட் இருந்தது ஜன்னலோரம் இரண்டு இடத்தில் மட்டும். மற்றதெல்லாம் இடுப்புப் பெல்ட். இடுப்புப் பெல்ட்டோடு பூஸ்டர் பாவிக்கக் கூடாது, மேலுடம்பைப் பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. ஜன்னலோரமோ எங்கள் மாமியின் இடம். தூரப் பயணத்தில் அவருக்கு வயிற்றைப் புரட்டும், காற்றுப் பட வேண்டும். "நான் எட்டுப் புள்ளையையும் மடியில வெச்சித்தான் வளத்த. ஒன்டுக்கும் ஒன்டும் நடக்கல்ல" என்றார் மாமி. எனக்கு நெஞ்சு இரண்டு பக்கமும் இழுத்தது. பிள்ளையின் பாதுகாப்புக்காக வயதான ஒருவரை எழும்பச் சொல்வது நம்ம குடும்பங்களில் லேசான காரியமில்லை. நான் வாய் திறக்காமல் நின்றேன்.

மகன்தான் ஏறி இருந்து காட்டினான். முதலில் பூஸ்டர் இல்லாமல். "இஞ்ச பாருங்க மூத்தம்மா, பெல்ட் வயித்துல கெடக்கு." பிறகு பூஸ்டரை வைத்து. "இப்ப எலும்புல." மாமி கையை வைத்துத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப புள்ள ஜன்னலோரம் இருக்கட்டும். எனக்கு ரெண்டு தேசிக்காய் எடுத்துத் தாங்க" என்றார். மற்ற ஜன்னலோரம் ஆறு வயது மருமகளுக்கு. கூடப் படிப்பிக்கிற டீச்சர் ஒருவரிடம் அவளுக்கு பூஸ்டர் இரவல் வாங்கினோம். கேலி செய்த மச்சான்தான் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்த பக்கிள்களைத் தோண்டி எடுத்தார். கூடவே வந்தது ஒரு கைப்பிடி கச்சான் கோது. பெரியவர்களும் இடுப்புப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டுதான் போனோம்.

"அல்லாஹ் பாதுகாப்பான், நீங்க ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க" என்று சொல்வோரும் இருக்கிறார்கள். அவன்தான் பாதுகாப்பவன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற படிப்பினையை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களும் நாங்கள்தானே.

அடிக்கடி கேட்கப்படுகிற சிலவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

தலையணை வைத்தால் போதாதா? போதாது. தலையணை அமுங்கும், வழுக்கும். மோதும்போது பிள்ளை அதோடு சேர்ந்து பெல்ட்டுக்குக் கீழே சறுக்கிவிடும்.

பெல்ட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கிற சின்னக் கிளிப் ஒன்று ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே? வேண்டாம். மேல் பெல்ட்டை அது கீழே இழுக்கும்போது, கீழ்ப் பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடலாம்.

பூஸ்டரின் முதுகுப் பகுதி சிறிதாகிவிட்டால்? பல பூஸ்டர்களில் முதுகைக் கழற்றி அடிப்பகுதியை மட்டும் பாவிக்கலாம். உங்களுடையது அப்படியா என்று அதோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் புதிதாக அனுமதி பெறுகிற முதுகில்லாத பூஸ்டர்கள் 125 சென்ரிமீற்றருக்கும் 22 கிலோவுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான். அந்த இடத்தில் வாகனத்தின் சீட் முதுகோ தலை வைக்கும் இடமோ பிள்ளையின் காதுக்கு மேல் வரை இருக்கவும் வேண்டும். நிறை அளவையும் லேபலில் பாருங்கள். எங்களுடையதில் 15 முதல் 36 கிலோ வரை என்று இருக்கிறது. ஆகவே மகன் இப்போது அடிப்பகுதியில் மட்டும்தான் இருக்கிறான்.

முன்சீட்டில் இருத்தலாமா? 13 வயது வரை பின்சீட்தான் நல்லது. எயார் பேக் வளர்ந்த ஆளுக்காகச் செய்தது. கண் இமைக்க முன்னர் வெடித்து விரியும்.

சட்டம் என்ன சொல்கிறது? நம்ம நாட்டில் சாரதியும் முன்சீட்டில் இருப்பவரும் பெல்ட் அணிவது 2011இல் கட்டாயமானது. அதிவேகப் பாதையில் எல்லாப் பயணிகளும் அணிய வேண்டும் என்று 2025இல் அறிவித்தார்கள். ஆனால் பிள்ளைக்கு பூஸ்டர் எங்கே என்று எந்தப் பொலிஸும் மறித்துக் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பின்சீட் கவரைத் தூக்கி பக்கிள்களை வெளியே எடுங்கள். பிள்ளையை இருத்தி ஐந்து கேள்வியையும் கேளுங்கள். வேன் ஹயருக்குப் பேசும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்கிற அதே மூச்சில், மூன்று புள்ளி பெல்ட் எத்தனை இருக்கிறது என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு முன்னர் வேன்காரர் அதைப் பூட்டி வைத்திருப்பார்.

பிள்ளைகள் வளர்ந்து பூஸ்டர் தேவைப்படாதவர்கள் அதை ஸ்டோர் ரூமில் போட்டு வைக்காதீர்கள். விபத்தில் படாததாக, வெடிப்பு இல்லாததாக, ரொம்பப் பழசாகாததாக இருந்தால் தேவைப்படுகிற ஒருவருக்குக் கொடுங்கள். கொடுக்க இருப்பவர்களும் தேவைப்படுபவர்களும் கீழே கொமண்டில் எழுதுங்கள், நான் இணைத்து விடுகிறேன். எங்கள் மகனுக்கு அந்த 7 சென்ரிமீற்றரும் வளர்ந்ததும் அவனுடையதும் உங்களில் ஒருவருக்குத்தான், இன்ஷா அல்லாஹ்.